மனோரஞ்சிதமும் வெறுங்காகிதமும்

கன்னையாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தன் வேலியில் பூத்த மனோரஞ்சிதத்தைத் திருப்பதியில் ஒருத்தி அத்தராக வடிக்கிறாள் என்றால், அதைக் கண்ணால் பார்க்காமல் விடுவாரா? பூக்கூடையும் பொண்டாட்டி ருக்மணியுமாக விஜயபுரத்தில் பஸ் ஏறிவிட்டார்.

ருக்மணிக்குக் கொரோனா வந்துபோனதிலிருந்து மூக்கு செத்துக் கிடந்தது. குழம்பு தீய்ந்தாலும் தெரியாது. சாயங்காலமானால் கொடியில் மஞ்சளாகப் பழுத்த பூவைக் கிள்ளி மோந்து பார்ப்பாள், கீழே போட்டுவிடுவாள். அதைத்தான் கன்னையாவால் பார்க்க முடியாது. எழுந்து உள்ளே போய்விடுவார்.

திருப்பதிப் பட்டறையில் செப்புப் பானைக்குள் பூ வெந்துகொண்டிருந்தது. ஆவி குழாய் வழியே போய்ச் சந்தன எண்ணெயில் இறங்கியது. ஹரிப்ரியா என்ற அந்தப் பெண் சின்னக் குப்பியைக் காட்டினாள்.

"இம்மாம் பூவுக்கு இத்தினியூண்டா? மீதிய எங்க ஒளிச்சி வச்சிக்கினு கீறே?"

"காத்துல போயிடுச்சி நைனா, ஓடிப்போய்ப் புடிச்சிக்கினு வாங்க" என்று சிரித்தாள். காகிதத் துண்டொன்றை எண்ணெயில் நனைத்து ருக்மணியிடம் நீட்டினாள். "ஒரு பழத்த நெனச்சிக்கினு மோந்து பாருங்கம்மா. அந்தப் பழமாவே மணக்கும்னு சொல்வாங்க."

"அதெல்லாம் பொய்யி. அவுளுக்கு மூக்கே இல்ல, நீ வேலயப் பாரு."

ருக்மணி மோந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"யோவ்... வருதுய்யா."

"வரல. வர்றாப்புல நெனச்சிக்கினு கீறே. கண்ண மூடு."

மேசையில் கிடந்த நனைக்காத காகிதத் துண்டை எடுத்து அவள் மூக்கருகே பிடித்தார்.

"போயிடுச்சே!" அவள் குரல் உடைந்தது.

நனைத்ததைப் பிடித்தார். "ஆங், இதோ!"

மறுபடியும் வெறுந்துண்டு.

"ஒண்ணுமில்ல. இன்னாய்யா, என்னயே ஏமாத்திக்கினு கீறியா?"

சந்தேகப்பட ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கன்னையா தேடிப்பார்த்தார். கிடைக்கவில்லை.

"இன்னா பழத்த நெனச்சே?"

"பழமா? அத்த மறந்தே பூட்டேன். நம்ம வேலிக் கொடிதான்யா. நம்ம வூட்டு சாயங்காலம்."

கண்ணை மூடியபடியே அழுதாள்.

கன்னையா செப்புப் பானையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கலெக்டர் ஊருக்கு வந்தபோதுகூட அவர் செய்யாத காரியம் அது.

"இன்னொரு வாட்டி அவுளுக்குக் காட்டும்மா" என்றார், மெதுவாக.