காற்றுக்கு நாள் சொன்னவன்

ஸ்டெனியைக் கொல்லத்தான் முதலில் நினைத்தேன். மீன் வெட்டும் கத்தி வீட்டில் மூன்று உண்டு. அவனுடைய பைக் எந்த நேரத்தில் எந்த வளைவில் திரும்பும் என்பதும் எனக்குத் தெரியும். பிறகு யோசித்தேன். செத்தவனுக்கு வெட்கம் கிடையாது. உயிரோடு இருந்து, பத்துப் பேர் முன்னால் தலை குனியட்டும். கத்தியைக் கழுவி எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

என் பெயர் ததேயுஸ். இனயத்துக்குக் கிழக்கே கொடித்துறையில் எனக்கு ஒரு பைபர் வள்ளம் இருக்கிறது. எங்கள் கரையின் மேற்கு முனையில், நிலக்கரி எரித்து கரண்ட் எடுக்கும் கம்பெனி ஒன்று ஏழு வருடமாக நிற்கிறது. ஸ்டெனி அங்கே சுற்றுச்சூழல் அதிகாரி. சுற்றுச்சூழலிடமிருந்து கம்பெனியைக் காப்பாற்றுவது அவன் வேலை. அதை அவன் நன்றாகவே செய்தான்.

கரையிலிருந்து வீசும் காற்றை நாங்கள் வாடை என்போம். வாடை வீசினால் கம்பெனியின் புகையும் சாம்பலும் கடலுக்குப் போகும். கடல்காற்று வீசினால் அத்தனையும் ஊர் மேல் இறங்கும். என் மனைவி ஜெபமணி கம்பெனி மதிலை ஒட்டிய மணலில் நெத்திலி காயப்போட்டு விற்றவள். காலையில் வெள்ளையாக விரித்த நெத்திலி சாயங்காலம் கறுத்துக் கிடக்கும். கழுவி மறுபடியும் விரிப்பாள். நாலாவது வருடம் இருமல் பிடித்தது. ஆறாவது வருடம் கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை நடக்க அவளுக்கு மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், “இவங்க பீடி குடிப்பாங்களா?” என்று என்னிடம் கேட்டார். போன தவக்காலத்தில் அவளை அடக்கம் செய்தோம். ஸ்டெனி மாலையோடு வந்திருந்தான்.

எங்களுக்கு ஒரே மகள், அபினா. நர்சிங் முடித்தவள். அம்மையைப் புதைத்த மறு வாரம் குவைத் விசாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊரில் போராட்டக் குழு சேர்த்து, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டாள். கம்பெனி தன் பக்கத்துக்கு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தது. ஒரு நாள் மத்தியானம் அதைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, இத பாருங்க. ஏழு வருசத்துல பதினாலு ரிப்போர்ட்டு. காத்த உறிஞ்சி அளக்குத பெட்டிய வச்சி எடுத்தது. பதினாலும் சுத்தம். நம்ம ஜன்னல் கம்பிய தொடச்சா துணி கறுக்குது. இவனுக்க பெட்டில மட்டும் தூசி விழாதா? இத ஒடைக்கலேன்னா கேசு நிக்காதுன்னு வக்கீல் பறையாரு.”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைப் பார்த்தேன். டிசம்பர் மூன்று. பிப்ரவரி இரண்டு. டிசம்பர் எட்டு. ஜனவரி இருபது. எங்களுக்குத் தேதி நினைவில் நிற்காது, திருநாள் நிற்கும். சவேரியார், காணிக்கை மாதா, அமலோற்பவ மாதா, செபஸ்தியார். பதினாலும் திருநாள். திருநாளன்று எங்கள் கரையில் வள்ளம் இறங்காது. ஊரே கோயிலில் இருக்கும். பெட்டி வைக்கிறவனைப் பார்க்க ஆள் இருக்காது.

அந்தப் பதினாலு நாளும் நான் சொன்ன நாள்.

ஒவ்வொரு திருநாளுக்கும் இரண்டு நாள் முன்னால் ஸ்டெனி வீட்டுக்கு வருவான். “அண்ணாச்சி, எங்க மேனேஜர் சாருக்கு தூண்டில் போடுததுக்கு வலிய ஆசை. திருநாளுக்குப் பகல் முழுக்க வாடை விடாம வீசுமா?” என்பான். போனில் பார்த்தால் காற்று தெரியுமே என்பேன். “போனுக்கு நாகர்கோவில் காத்துதான் அண்ணாச்சி தெரியும். கொடித்துறை காத்து உங்களுக்குத்தான தெரியும்?” என்பான். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். மலை தெளிந்திருக்கிறதா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வந்து, வீசும் அல்லது வீசாது என்று சொல்வேன். வீசாது என்றால் அடுத்த திருநாளுக்கு வருவான். ஒரு தடவைகூட என் வாய் பொய்த்ததில்லை. ஏழு வருடத்தில் அந்த மேனேஜர் ஒரு சாளையாவது பிடித்தார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைக்கூட நான் யோசிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பெண்டாட்டியையும் சேர்த்துக் கொன்றது.

அபினாவிடம் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. கத்தியைப் பற்றி நினைத்தது அன்றைக்குத்தான்.

மார்ச் முதல் வாரம் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. மூன்று நிபுணர்கள் நேரில் வந்து அளக்க வேண்டும். உலை முழு வேகத்தில் எரிய வேண்டும். பெட்டி ஊருக்குள்ளே இருக்க வேண்டும். பத்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் நடுவில் தனக்கு வசதியான நாளைக் கம்பெனி சொல்லலாம். கடைசி வரியைப் படித்துவிட்டு அபினா காகிதத்தை எறிந்தாள்.

“மீனுக்குக் காவல் பூனையா? இதுவும் சுத்தம்னு வந்தா எல்லாம் தீந்துது அப்பா. இனி ஒரு கோர்ட்டும் நம்மள கேக்காது.”

ஸ்டெனிக்காகக் காத்திருந்தேன்.

எட்டாம் தேதி வந்தான். வழக்குப் போட்டவள் என் மகள் என்பது அவனைத் தடுக்கவில்லை. அறிவு மகளோடு நின்றுவிட்டது, அப்பன் பழைய அப்பன்தான் என்று கணக்குப் போட்டிருப்பான். ஏழு வருடம் அந்தக் கணக்கு சரியாகத்தானே இருந்தது.

“அண்ணாச்சி, வெளியூர்லேந்து வலிய ஆளுங்க தூண்டில் போட வாராங்க. பன்னிரண்டாம் தேதி வாக்குல வாடை எப்பிடி?”

பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை வாடை விடாமல் வீசும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மார்ச் பாதி தாண்டினால் வாடைக்கு மூச்சு முட்டும். காலையில் வீறாப்பாக வீசும். உச்சி வேளைக்குள் கடல்காற்று அதை மிதித்துக்கொண்டு கரையேறிவிடும்.

“அதெல்லாம் வேண்டாம் தம்பி, காத்து கொழம்பும். பத்தொம்பது வையும். சூசையப்பர் திருநாளு. பகல் முழுக்க வாடைதான். கரையும் ஒழிஞ்சி கெடக்கும்.”

காற்றைப் பொய் சொல்வது எங்கள் கரையில் கொலைக்குச் சமம். நம்பிக் கடலுக்குப் போகிறவன் திரும்பி வர மாட்டான். நாற்பது வருடத்தில் பகையாளிக்குக்கூட நான் காற்றைப் பொய் சொன்னதில்லை. ஸ்டெனிக்குச் சொன்னேன்.

அபினாவிடம் இவ்வளவுதான் சொன்னேன்: “திருநாள் பூசை முடிஞ்சதும் ஆளுங்கள ரேஷன் கடை முன்னால கூட்டிட்டு வா மக்கா. ஏன்னு கேக்காத.”

பத்தொன்பதாம் தேதி காலையில் ரேஷன் கடை மொட்டைமாடியில் பெட்டியை வைத்தார்கள். உள்ளே வெள்ளைத் தாள் ஒன்று. காற்று அதன் வழியாகப் போகும், தூசி தாளில் தங்கும். நிபுணர் குழுவுக்குத் தலைவி ஒரு நரைத்த தலை அம்மா, அதிகம் பேசாதவர். கடைக்கு எதிரே கம்பெனி பந்தல் போட்டு, மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தது. வாடை பலமாக வீசியது. கம்பெனிப் புகை கடல் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்குத் தாளைப் பார்த்தார்கள். வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஸ்டெனி என் பக்கத்தில் வந்து குனிந்து, “உங்க வாய்க்கு சர்க்கரை போடணும் அண்ணாச்சி” என்றான்.

பதினொன்று ஆயிற்று. வாடை தளரவில்லை. நான் காட்டிக்கொடுத்த பதினாலு நாளோடு பதினைந்தாவதாக இதுவும் சேர்ந்துவிட்டால், அபினாவின் வழக்கை என் கையாலேயே புதைத்தவன் ஆவேன். பூசை முடிந்து ஜனங்கள் வந்து நின்றார்கள். என்னோடு வள்ளத்தில் வரும் மரியஜான், இருமலோடு வளர்கிற தன் ஏழு வயது மகனைத் தோளில் வைத்திருந்தான். நான் சூசையப்பரைக் கூப்பிடவில்லை. பழிவாங்க உதவி செய்யும் என்று ஒரு புனிதரைத் தொந்தரவு செய்வது முறையல்ல. ஜெபமணியைத்தான் கூப்பிட்டேன்.

பன்னிரண்டரைக்குக் கோயில் கொடி துவண்டு தொங்கியது. சாய்ந்திருந்த புகை நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் நேராக நின்று யோசித்தது. பிறகு ஊர்ப் பக்கம் வளைந்தது. பந்தலில் அப்போதுதான் சோறு பரிமாறியிருந்தார்கள். ஸ்டெனி ஓடி ஓடிச் சட்டிகளை மூடினான். எத்தனை சட்டியை மூடுவான்? வெள்ளைத் துணியில் கறுப்பு விழுந்தது, தயிரில் விழுந்தது, தலைவியம்மா கையில் எடுத்திருந்த கவளத்தில் விழுந்தது. அவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டெனியைப் பார்த்தார். எனக்கு உள்ளே இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், தேன் மாதிரி இனித்தது.

மூன்று மணிக்குத் தாளை எடுத்தார்கள். அடுப்பு துடைத்த துணி மாதிரி இருந்தது.

“பதினாலு ரிப்போர்ட்டும் சுத்தமா இருக்கு. இன்னைக்கு மட்டும் எப்படி இப்படி?” என்று தலைவியம்மா கேட்டார்.

ஸ்டெனி அதற்குள் தேறிவிட்டான். “மேடம், காத்து கடவுள் கையில இருக்கு. ஏழு வருசத்துல ஒரு நாள் இப்படி அடிச்சிருக்கு. பதினாலு நாளையும் இந்த ஒரு நாளையும் சேர்த்துத்தான பாக்கணும்?”

அவர் தலையை ஆட்டினார். குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். பதினாலுக்கு ஒன்று. அபினாவின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஸ்டெனிக்கு ஒரு வேளை சோறு கெட்டதோடு போகும். வாயைத் திறந்தால் அவன் தொலைவான், அவனோடு நானும் தொலைவேன். எழுந்து பந்தலுக்குள் போனேன்.

“அம்மா, காத்து கடவுள் கையில இல்ல. எனக்க வாயில இருந்துது. அந்தப் பதினாலு நாளும் வாடை நாளு. நான் பாத்துச் சொன்ன நாளு.”

“அண்ணாச்சி, என்ன பேசுறீங்க?” என்றான் ஸ்டெனி.

“நீ கேட்டதுக்கு நான் சொன்னதத்தான் பேசுகேன். மேனேஜருக்கு தூண்டில்னு பறஞ்சியே. ஓர்ம இல்லியா?”

நான் திருநாள் திருநாளாகச் சொல்லிக்கொண்டு போனேன். தலைவியம்மா கம்பெனியின் காகிதக் கட்டை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாக இறக்கினார். விரல் ஓர் இடத்திலும் தவறவில்லை. பதினாலாவதைச் சொன்னபோது ஸ்டெனி பிடிமானம் தேடி ஒரு நாற்காலியைத் தொட்டான். அவன் முகத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. “இன்னைக்குள்ள நாளயும் இவன் எங்கிட்டதான் கேட்டான்” என்றேன். “இது மட்டும் பொய்யா சொன்னேன்.”

மரியஜான் மணலில் துப்பினான். மகனைத் தோளில் சரியாகத் தூக்கி வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். ஸ்டெனியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கம்பெனிக்காரன், சம்பளத்துக்குச் செய்தான். நான் அவர்களோடு ஒரே கோயிலில் முழங்கால் போட்டவன்.

தலைவியம்மா இதையெல்லாம் வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னார். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், எழுதக் கையெழுத்து மட்டும்தான். அபினா பந்தலில் ஒரு மேசைத் துணியை உதறிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

“பேரு?”

“ததேயுஸ்.”

“தொழில்?”

சொன்னேன். பதினாலு நாளையும் மறுபடியும் சொன்னேன். அவள் தலையைத் தூக்காமல் எழுதினாள். அப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“அவன் நம்ம வீட்டுக்கு வாறது அம்மைக்குத் தெரியுமா?”

“தெரியும். இருந்த வரைக்கும் எல்லா தடவையும் அவளாக்கும் அவனுக்கு சாயா போட்டுக் குடுத்தது. கடைசி தடவ எந்திரிக்க ஒக்கல. சுவரப் பிடிச்சி நின்னு போட்டா. நல்ல பிள்ளை, மூத்தவங்ககிட்ட கேட்டு நடக்கான்னு பறஞ்சா.”

அபினாவின் கை நின்றது.

“அதயும் எழுது மக்கா” என்றேன்.

எழுதினாள். அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.