கப்டன் டில்லிங்கைப் பதவி இறக்கிய கூட்டம்

1986 மாசியில் ஒரு பின்னேரம், இங்கிலாந்துத் தலைநகரில், பிளேஸ்டோவில் செல்வரத்தினம் வீட்டு முன்னறைச் சுவருக்குள் முரசு முழங்கியது. ஊரைவிட்டு வந்த தமிழர்களின் ஊர்ச்சங்கச் செயற்குழு அங்கே கூடியிருந்தது. ஹீட்டர் பழுது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, நீலக் கோட்டும் துவக்குமாக ஒரு வெள்ளைக்காரர் சுவரிலிருந்து இறங்கினார். செல்வரத்தினத்தின் மனைவி தவமலர் இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார்.

வந்தவர் கப்டன் டில்லிங், அமெரிக்காவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த விவசாயி. இங்கிலாந்து அரசனுக்கு எதிராக ஊருக்கு ஊர் குடிப்படை திரண்ட காலத்தில், அவருடைய ஊரார் கை தூக்கி அவரைக் கப்டனாக்கினார்கள். அறுவடை வந்தால் படை வீட்டுக்குப் போய்விடும். கப்டன் தனியாக முகாமைக் காப்பார். அப்படிக் காத்த ஓர் இலையுதிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தார். ஒருமனதாக ஏற்றியவரை ஒருமனதாகத்தான் இறக்கவேண்டும் என்பது குடிப்படை விதி. அதைச் செய்ய மறந்து படையாட்களும் இறந்துபோனதால், இருநூறு வருடமாக அவரால் கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க முடியவில்லை. தன்னை யாராவது இறக்குவார்களா என்று, கை தூக்கும் கூட்டம் நடக்கும் இடமெல்லாம் போய்ப் பார்த்தார். தான் எதிர்த்துச் சுட்ட அரசனின் நகரத்திலேயே விடுதலை கேட்க நேர்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

"உது பெரிய வேலையே, கப்டன்? பொதுக்கூட்டத்தில வைச்சு இறக்கிவிடுறம்," என்றார் செல்வரத்தினம்.

சங்கத்தில் இல்லாத பதவியிலிருந்து ஒருவரை இறக்க முடியாதாகையால், முதலில் அவரைச் சங்கத்தின் கப்டனாக்கினார்கள். பொதுக்கூட்டத்தில் நிர்வாகத் தெரிவு தொடங்கியபோது வடை பொரிகிற வாசம் வந்து, எல்லோருக்கும் அவசரம் பிடித்தது. வழக்கம்போலப் பின்வரிசையில் ஒருவர், "இருக்கிற ஆக்களே இருக்கட்டுமன்," என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன; கப்டனும் பதவியிலேயே இருந்தார். அடுத்த வருடமும் அப்படியே, அதற்கடுத்த வருடமும் அப்படியே. சும்மா நிற்க ஏலாமல் கப்டன் கதிரைகளை நேராக அடுக்கினார், விளையாட்டுப் போட்டிக்குக் கோச் பஸ் பிடித்தார், போர் நடந்த ஊரில் குண்டு விழுந்த செய்தி வந்த நாட்களில் அந்தந்த வீட்டு டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை சங்கம் இரண்டாக உடைந்தது. மறுபடி ஒன்றாகும்வரை இரண்டுக்கும் அவரே கப்டன்.

1997இல் தவமலர் தலைவியானார். வடைச் சட்டியை அடுப்பில் வைக்கவே விடாமல், கப்டனை விடுவிக்கும் தீர்மானத்தை முதலில் எடுத்தார். மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. கப்டனின் சப்பாத்துகள் மங்கத் தொடங்கின. எதிர்க்கிற ஆட்கள் உண்டா என்று தவமலர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். முன்வரிசையில் நீலக் கோட்டுக் கை ஒன்று எழுந்தது. சப்பாத்துகள் திரும்பவும் தெளிந்தன.

"என்ன கப்டன் இது? அங்க மனிசி காத்துக்கொண்டெல்லே இருக்கிறா?"

"இவ்வளவு காலம் பொறுத்தவ இன்னும் பொறுப்பா, தங்கச்சி. நான் விட்டா இந்தச் சங்கத்தை ஆர் பாக்கிறது?"