யுவராணியின் நிறம்

யுவராணி இறந்த நாற்பத்தோராம் நாள் பரளச்சியில் நடந்த ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தில், பதினேழாவது படத்தில், மணமகளின் கழுத்துக்கு மேலே அவள் முகம் இருந்தது. பதினாறாவது படத்தில் மணமகள்தான் இருந்தாள், பதினெட்டாவதிலும் அவளேதான். நடுவே ஒரே ஒரு படத்தில், அதே சேலைக்கும் அதே நெற்றிச்சுட்டிக்கும் அதே மாலைக்கும் நடுவில், திருச்சுழி தங்கத்தாயின் மகள் இருந்தாள். அந்த வருஷம் ஐப்பசியில் பன்னிரண்டு நாள் மழை பெய்தது. குதிரைவாலி நன்றாக விளைந்தது. படம் எடுத்த பாண்டிராஜ், இரண்டு கல்யாணத்துப் படங்கள் கலந்துவிட்டன என்று முதலில் நினைத்தான். கேமராவிலேயே திரும்பப் போட்டுப் பார்த்தான். அங்கேயும் யுவராணி இருந்தாள். அந்த மணமகளுக்கு மேக்கப் போட்டவள் தங்கத்தாய் என்பதால் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

“யக்கா, கோவிச்சுக்கிடாதீக. இதுல நான் ஒண்ணும் பண்ணல.”

தங்கத்தாய் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

“ஏன் இம்புட்டு வெள்ளையா இருக்கா?”

ஏன் என்று தங்கத்தாய்க்கே தெரியும். மல்லாங்கிணற்றிலிருந்து பரளச்சி வரை அவள் பொட்டு வைக்காத மணமகள் குறைவு. அருப்புக்கோட்டையில் ஆறு மாதம் தொழில் படித்துவிட்டு வந்தவள், முதல் சித்திரையிலேயே ஒன்றைப் புரிந்துகொண்டாள். இந்த ஊர் வெயிலிலும் வீடியோ லைட் சூட்டிலும் கிரீம் பத்து நிமிஷத்தில் உருகி வழிந்துவிடும். கல்லை மாவாக அரைத்துச் செய்த மினரல் பொடிதான் நிற்கும். அதிலும் கண்ணுக்கு நன்றாக இருப்பது கேமராவுக்கு நன்றாக இருக்காது. மினுங்குகிற மைக்காத் துகள் கூடினால் படத்தில் வியர்வை போலத் தெரியும். வெள்ளைச் சத்து கூடினால், ஃப்ளாஷ் அடித்ததும் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகிவிடும். அதனால் பெண்ணின் தாடையோரத்தில் மூன்று பொடிகளை மூன்று கோடாக இழுத்து, வாசலில் வெயிலுக்கு நிறுத்தி, போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுப்பாள். எந்தக் கோடு படத்தில் காணாமல் போகிறதோ அதுவே அந்தப் பெண்ணின் பொடி. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “ரெண்டு படி ஏத்திப் போட்டுவிடு தாயி, பிள்ள செவப்பாத் தெரியணும்.” தங்கத்தாய் அதுவரை ஒருவருக்கும் அப்படிப் போட்டதில்லை. போட்டது ஒரே ஒரு முறை, தன் மகளுக்கு.

ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே யுவராணியின் தாடையில்தான் அவள் எல்லாப் பொடிகளையும் இழுத்துப் பார்த்தாள். கடையில் விற்கிற எந்தக் கோடும் அந்தத் தாடையில் காணாமல் போகவில்லை. அவ்வளவு கறுப்புக்குப் பொடி வருவதில்லை. கடைசியில் செம்பொடியும் மஞ்சளும் கரும்பொடியும் அவளே கலந்து ஒரு சின்ன டப்பாவில் வைத்தாள். மூடியின் மேல் மகளே ‘யுவா’ என்று எழுதி ஒட்டினாள். ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டபோது தங்கத்தாய் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. “அவுக செவப்பாக் கேக்காக” என்று தரகர் சொல்லியிருந்தார். இரண்டு படி அல்ல, நான்கு படி ஏற்றினாள். ஃப்ளாஷ் அடித்தது. யுவராணி போனை வாங்கிப் பார்த்தாள்.

“இது யாரும்மா?”

“எல்லாம் நீதான்.”

“நானில்ல. எம் மொகத்தக் கழுவப் போறேன். என் நெறத்த எனக்குக் குடுத்துரு.”

“மொதல்ல அவுக சரின்னு சொல்லட்டும். பெறகு உன் நெறத்த நானே தாரேன்.”

அவர்கள் சரி என்று சொன்னார்கள். அதற்குள் யுவராணிக்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாளாகியிருந்தது. ஆறாம் நாள் அவள் இல்லை. அன்று சாயங்காலம், ஆதார் அட்டையிலும் பள்ளிக்கூடத்து அடையாள அட்டையிலும் எல்லாருடைய போன்களிலும் இருந்த அவளுடைய எல்லாப் படங்களும் அந்தக் கடைசிப் படத்தைப் போலவே வெளுத்தன. பஸ் ஸ்டாண்டில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைப் பார்த்தவர்கள், இறந்தது யார் என்று பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பரளச்சி ஆல்பத்துக்குப் பிறகு அவள் எல்லா ஆல்பத்திலும் வந்தாள். தங்கத்தாய் பொட்டு வைத்த மணமகளானால் பதினேழாவது படம் யுவராணிதான். ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கல்யாணம் ஆகாமல் போன பெண் கன்னித்தெய்வம். நல்ல காரியத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். தானே வந்து படத்தில் நிற்கிற கன்னியை யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு முறை மேலக்கண்டமங்கலத்தில் படம் பதினாறோடு நின்றுவிட்டது என்று பெண்வீட்டார் பாண்டிராஜோடு சண்டைக்கே வந்தார்கள். மேக்கப்புக்கு முன்பதிவு ஆறு மாதம் வரை போயிற்று. ஒவ்வொரு ஆல்பமும் பைண்டிங் முடிந்ததும் முதலில் தங்கத்தாய் வீட்டுக்கு வரும். அவள் பதினேழாம் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகள் பச்சைப் பட்டில் வந்தாள், அரக்குப் பட்டில் வந்தாள், ஒட்டியாணத்தோடு வந்தாள். ஒரு தாய் ஒரு முறை பார்க்க வேண்டியதை அவள் நூற்று முப்பது முறை பார்த்தாள். எல்லாவற்றிலும் முகம் வெள்ளை. எதிலும் மகள் அவளைப் பார்க்கவில்லை.

குறி சொல்லும் கோடாங்கி உடுக்கை அடித்துச் சொன்னது இதுதான்: “கேட்டது கெடைக்காமப் போன பிள்ள, ஆத்தா. குடுத்துட்டா வர மாட்டா.” மகள் கேட்டது என்ன என்று தங்கத்தாய் ஒருவரிடமும் சொல்லவில்லை. ‘யுவா’ டப்பா மேக்கப் பெட்டியின் அடியில் இருந்தது. ஒரு முகத்துக்குப் போதுமான பொடி அதில் இருந்தது. அதைத் திறக்காதவரை மகள் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வருவாள். நான்கு வருஷம் அவள் அதைத் திறக்கவில்லை. வேண்டுமென்றே வெளிர்ப் பொடிகளாக வாங்கி, வருகிற மணமகள்களுக்கும் அதையே போட்டாள்.

ஆனால் மூன்றாம் வருஷத்திலிருந்து படங்களில் யுவராணி தேய ஆரம்பித்தாள். முதலில் மூக்கின் ஓரம் போயிற்று. அடுத்த தை மாதத்தில் புருவம். வைகாசியில் உதடு இருந்த இடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. நான்காம் வருஷம் முடிகையில், மாலைக்கும் நெற்றிச்சுட்டிக்கும் நடுவே வெறும் வெள்ளையில் இரண்டு கண்கள் இருந்தன. ஊரில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள், “நல்ல செவத்த பிள்ள” என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவளைப் பெற்ற வீரணனே ஒருநாள் சாப்பிடும்போது, “எம்மகளுக்குத்தான் என்ன ஒரு செவப்பு” என்றார். தங்கத்தாய் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாள். உள்ளே போய், மகளின் நிறத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

ஆவணியில் முத்துப்பேச்சிக்குக் கல்யாணம். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். யுவராணியோடு பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சு. நாற்காலியில் உட்கார்ந்ததும் தங்கத்தாய் எடுத்து வைத்த பொடிகளைப் பார்த்தாள்.

“அத்த, இதெல்லாம் என்ன, வீட்டுக்கு வெள்ளையடிக்கவா?”

“போட்டோவுல நல்லாருக்கும்.”

“எனக்கு என் நெறம் போதும். அவரு என்னய இந்த மூஞ்சியோடதான் பாத்தாரு. நாளைக்கு வேற ஒருத்திக்குத் தாலி கட்டிட்டேன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?” சிரித்தாள். பிறகு சொன்னாள்: “நானாவது பரவால்ல. யுவா என்னய விடக் கருப்பு. அவ கைய எங்கைக்குப் பக்கத்துல வச்சு, ‘அடியே, நீயெல்லாம் வெள்ளக்காரிடீ’ன்னு சொல்லுவா.”

தங்கத்தாய் எடுத்து வைத்த பொடிகளை ஒவ்வொன்றாக மூடினாள். வெளியே மேளக்காரர்கள் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. முத்துப்பேச்சியின் அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான்கு வருஷத்தில் தன் மகளைக் கருப்பு என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். தங்கத்தாய் பெட்டியின் அடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியில் எழுத்து மங்கியிருந்தது. தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, வாசலுக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்தாள். கோடு ஒரு நூல் கறுப்பாகத் தெரிந்தது.

“உனக்கு ஒரு படி எறக்கம்மா இது,” என்றாள்.

முத்துப்பேச்சி டப்பாவின் மூடியைப் படித்தாள். “போடுங்கத்த,” என்றாள்.

டப்பா காலியாகும்வரை போட்டாள். கடைசித் துகளை விரலால் வழித்துக் காதோரம் தடவினாள்.

பாண்டிராஜ் இந்த முறை ஆல்பத்தோடு உட்காரவில்லை. வாசலிலேயே கொடுத்துவிட்டு நின்றான். பதினேழாவது படத்தில் யுவராணி முழுதாக இருந்தாள். மூக்கு இருந்தது, புருவம் இருந்தது, உதட்டுக்கு மேலே சின்ன வயதில் விழுந்த தழும்பு இருந்தது. அவளுடைய நிறத்தில் இருந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு இடப்பக்கம், பிரஷ்ஷோடு தங்கத்தாய் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஆதார் அட்டையிலும் அடையாள அட்டையிலும் எல்லாருடைய போன்களிலும் அவள் கறுத்தாள். வீரணன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த முகூர்த்தம் மல்லாங்கிணற்றில். பதினேழாவது படத்தில் மணமகள்தான் இருந்தாள். அதற்கடுத்ததிலும் அப்படியே. இப்போதும் தங்கத்தாய்தான் பொட்டு வைக்கிறாள், தாடையோரத்தில் கோடு இழுத்துப் பார்த்து, அவரவர் நிறத்தில். இந்தப் பக்கத்து ஆல்பங்களில் பதினாறாம் படத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தைப் படம் ஒட்டாமல் விட்டு பைண்டிங் செய்கிறார்கள். வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் யாராவது கேட்டால், அது யுவராணி பக்கம் என்று சொல்கிறார்கள். ஆல்பம் இன்னமும் முதலில் தங்கத்தாய் வீட்டுக்குத்தான் போகிறது. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வாள். பாண்டிராஜ் டீ குடித்து முடிக்கும்வரை மூடமாட்டாள்.