மாசமானவளின் கை

தைப்பூசத்தன்று காலையில் கலீல் பாயின் கறிக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. கையில் தூக்கோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதிர் டீக்கடையிலிருந்து பாய் சிரித்தார்.

"இன்னா பூங்காவனம், இன்னிக்குப் போயி ரத்தம் கேட்டுகினு வந்துகீறே? வள்ளலார் நாளு. நமக்கும் லீவு, ஆட்டுக்கும் லீவு."

"உனுக்கு லீவு பாய். கொசுவுக்கு யாரு சொல்றது?"

பாரிவாக்கத்தில் எங்கள் கம்பெனியில் கொசு வளர்க்கிறோம். கொசுவத்தியும் களிம்பும் செய்கிறவர்கள் தங்கள் சரக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களிடம்தான் வருவார்கள். ஊரே அடித்துக் கொல்வதை நாங்கள் சோறூட்டி வளர்க்கிறோம். ஆட்டு ரத்தத்தை உறையாமல் கொண்டுவந்து, சூடுபண்ணி, மெல்லிய தோலால் அடிகட்டிய கிண்ணத்தில் ஊற்றிக் கூண்டின்மேல் வைப்போம். பொம்பளைக் கொசு மட்டும்தான் அதைக் குடிக்கும். ஆம்பளைக்குச் சர்க்கரைத் தண்ணி போதும்.

"என் ஊட்டுக்காரன் கணக்கா. குட்ச்சிட்டு மூலைல குந்திகினு கீது பாரு" என்பாள் கூட வேலை செய்யும் லாவண்யா.

அந்த மாதம் எங்கள் ஆய்வாளர் ஸ்ரீராம் சார் ஒரு சோதனை வைத்திருந்தார். நாலு கூண்டு. ஆணோடு சேர்ந்தது இரண்டு, சேராதது இரண்டு. இரண்டு ஜோடியிலும் ஒன்றுக்கு ரத்தம், இன்னொன்றுக்குச் சர்க்கரைத் தண்ணி மட்டும். எது எத்தனை நாள் தாங்குகிறது, எது எவ்வளவு முட்டை போடுகிறது என்று பார்க்கணும். செத்ததைப் பொறுக்குவது நான். ஆணோடு சேர்ந்து, ரத்தம் குடித்து, ஈரத்தாளில் கறுப்பு மணலாய் முட்டை போட்டதுதான் எங்கள் கூண்டுகளில் சீக்கிரம் விழுந்தது. சேராமல் சர்க்கரைத் தண்ணியில் கிடந்தது நோகாமல் பறந்தது. பொறுக்கும்போதெல்லாம் எனக்கு எரியும். யார்மேல் என்று தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

தூக்கு காலி என்றதும் ஸ்ரீராம் சார் தலையில் கைவைத்தார். லீவு என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இன்றைக்கு ரத்தம் இல்லையென்றால் முட்டை இருக்காது, மொத்தமும் பாழ் என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"யாராவது கையை உள்ள வைங்க. கொஞ்ச நேரம்தான். இதுங்க சுத்தமான கொசு, நோய் எதுவும் கிடையாது."

லாவண்யாவும் நானும் கூண்டைவிட்டுத் தள்ளி நின்றோம்.

"லாவண்யா, நீங்க வாங்களேன். மாசமா இருக்கிறவங்ககிட்ட கொசு நல்லா வரும்."

லாவண்யா முகம் செத்துவிட்டது. சேலைமேல் பெரிய ஆம்பளைச் சட்டை போட்டு, அஞ்சு மாசத்தை மறைத்துவைத்திருந்தாள். வயிறு தெரிந்தால் கான்ட்ராக்டர் நாகேந்திரன் நிறுத்திவிடுவான். போன வருசம் கலைவாணியை அப்படித்தான் அனுப்பினான். விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தோம்.

"நான் நாகேந்திரன்கிட்ட சொல்லலையே" என்றார் சார், ஏதோ உதவி செய்தவர் மாதிரி சிரித்தபடி.

தெரிந்துவைத்திருக்கிறார். தேவைப்படும் நாளுக்கென்று எடுத்துவைத்திருக்கிறார். இரண்டு உயிருக்கு ஊறுகிற ரத்தம் அவர் கண்ணுக்கு நல்ல தீனியாகத் தெரிந்திருக்கிறது. லாவண்யா சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடு யக்கா. வேல பூட்சின்னா இன்னா பண்ணுவேன்?"

"சும்மா இருடீ." சார் பக்கம் திரும்பினேன். "நீங்க வைங்க சார்."

"நானா? நான் பார்த்து எழுதணுமே."

"நான் எழுதுறேன்."

நாற்பதைத் தாண்டி, சாயங்கால வகுப்பில் குந்திக் கற்ற எழுத்து. இத்தனை நாளும் கையெழுத்துப் போட மட்டும்தான் ஆனது. மேசையில் கிடந்த அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து கூண்டு கழுவும் முனியம்மா வந்தாள், அவள் பின்னால் மற்றவர்கள். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வலது கை போனை எடுத்தது. நாகேந்திரன் பேரைத் தேடிய விரல் அதன்மேல் அப்படியே நின்றது. இடது கை கூண்டின் வாயருகே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விடும் மூச்சுக்குக் கொசுக்கள் ஒன்றிரண்டாய் எழுந்துவந்து, அந்தப் பக்கத்து வலையில் கறுப்பாய் அப்ப ஆரம்பித்தன.