பதினோராவது கன்னம்

மாநகரப் பேருந்தில் பயணச்சீட்டுக்கு ஓர் அறை கொடுக்க வேண்டும் என்பது செண்பகவல்லிக்குக் கோவில்பட்டியிலேயே தெரியும். நடத்துனர் இருக்கையை விட்டு எழுந்து வரமாட்டார் என்பதுதான் தெரியாது.

அவள் முன்வாசலில் ஏறினாள். கணவன் முத்துவீரன் பின்வாசலில். கல்யாணமாகி ஒன்பது நாள். கூச்சத்தில் அவளாக அவனை இன்னும் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அக்கா வீட்டு விருந்துக்குப் போகிறார்கள். எட்டாவது நிறுத்தத்தில் சேர்ந்து இறங்க வேண்டும்.

முத்துவீரனுக்குச் சிரமமில்லை. நடத்துனர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அறைந்தான். சீட்டு கிடைத்தது.

செண்பகவல்லி, ஊர் வழக்கப்படி நடத்துனர் வருவாரென்று நின்றாள். மூன்று நிறுத்தங்கள் போயின. ஒவ்வொன்றிலும் கம்பத்துக்குப் பதில் ஓர் ஆள். முழங்கால்வரை சிமெண்டு. நெற்றியில் வழித்தட எண்ணை ஆணியடித்திருந்தார்கள்.

"டிக்கெட் எடுக்காதவங்க," என்றாள் அருகில் நின்ற மல்லிகைக்காரி. "இன்னாமா, ஊருக்குப் புச்சா? என்னை அடி. பாஸ் பண்றேன்."

"நீங்க எனக்கு ஒண்ணும் பண்ணலியேக்கா."

"எனக்கா குடுக்கற? கண்டக்டருக்கும்மா. அடி, அடி."

செண்பகவல்லி அந்தக் கன்னத்தை மெல்லத் தட்டினாள். தட்டல் நான்கு கன்னங்களைத் தாண்டியது. ஐந்தாவதாக நின்ற பெரியவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"யாரும்மா செல்லாததைக் குடுத்தது?"

அதற்குள் முன்வாசலில் இரண்டு பரிசோதகர்கள் ஏறினார்கள். கையில் சம்மட்டி.

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு அறைந்தாள். மல்லிகைக்காரியின் பல் ஒன்று தெறித்து ஓட்டுநரின் மடியில் விழுந்தது.

"இப்ப சரி," என்று ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் அடுத்தவளை அறைந்தாள். அறை பின்பக்கம் நகர்ந்தது. ஒரு மூக்கு உடைந்தது. ஒரு மூக்குக்கண்ணாடி நொறுங்கிக் கண்ணுக்குள் போனது. பெரியவரின் தாடை கழன்றது. அதைக் கையில் தாங்கிக்கொண்டே மறுகையால் அடுத்தவனை அறைந்தார். யாரும் வழியில் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை.

பதினோராவது கன்னம் முத்துவீரனுடையது. அவன் சுருண்டு விழுந்து எழுந்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. நடத்துனர் முகத்தை நீட்டினார்.

முத்துவீரன் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

"குடுப்பா."

"தரமாட்டேண்ணே. எம் பொண்டாட்டி கையிலருந்து வந்தது."

"ஏய், நடுவுல அமுக்கிட்டான்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஏங்க, குடுத்துருங்க!" முன்னாலிருந்து செண்பகவல்லி அலறினாள். "இத்தன பேரு முன்னாடி மானத்த வாங்காதீங்க!"

"குடுத்தா போயிருமே புள்ள," என்றான் அவன்.

ஐந்தாவது நிறுத்தத்தில் அவளை இறக்கினார்கள். குழி தயாராக இருந்தது. முழங்கால்களைச் சம்மட்டியால் அடித்து நேராக்கினார்கள். எண் ஆணியடிக்கப்பட்டது. அவள் கத்தியது பேருந்தின் ஹாரனில் கேட்கவில்லை.

வண்டி நகர்ந்தபோது முத்துவீரன் குதித்தான். தன் சீட்டை நான்காகக் கிழித்து வாயில் போட்டு விழுங்கினான்.

"ஒரு ஸ்டாப்பிங்குக்கு ஒரு கம்பந்தாம்பா," என்றார் பரிசோதகர்.

"எங்கிட்ட டிக்கெட் இல்ல சார்."

பரிசோதகர் பெருமூச்சு விட்டுச் சம்மட்டியைத் திரும்ப எடுத்தார்.

அந்த இடத்தில் இப்போது பேருந்து இரண்டு முறை நிற்கிறது. முதலில் அவளுக்கு. இரண்டடி தள்ளி அவனுக்கு. அவன் கன்னத்தில் ஐந்து விரல்களும் சிவப்பாக இருக்கின்றன. ஓட்டுநர்கள் அதைப் பார்த்துத்தான் பிரேக் போடுகிறார்கள்.