இல்லை வாத்தியாரின் மனைவி கேட்டது

போதகர்களாகப் போகிறவர்களுக்கு இறையியல் கற்பித்த அந்த ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'இல்லை வாத்தியார்'. கடவுளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஒரு 'இல்லை' போடாமல் விடமாட்டார். கடவுள் ஒளி என்றால், நாம் அறிந்த ஒளி இல்லை. தந்தை என்றால், நாம் பார்த்த தந்தையைப் போல இல்லை. மனிதனின் சொல் எதுவும் அவருக்கு முழுதாகப் பொருந்தாது என்பது பாடம். திருச்சபையின் பழைய ஞானிகள் சொன்னதுதான். இவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார், அவ்வளவே. சாப்பாட்டு ஜெபத்தில்கூட, "ஆண்டவரே, உம்மை இப்படி அழைப்பதும் போதாதுதான்" என்று இழுப்பார். தட்டில் எல்லாம் ஆறிப்போகும்.

"அட்ரஸ் தெரியாம லெட்டர் போடுறீங்க. போடுறதைச் சீக்கிரமாவது போடுங்க" என்பாள் மனைவி.

அந்த மனைவிக்குத்தான் இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. வயதும் ஆகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது, உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் பட்டும் படாமலும் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, பார்க்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கு நான் கண்ணே முழிக்கலைன்னா ஆண்டவர்கிட்டதானே போவேன்? அம்மா மாதிரி என்னை வாரி எடுத்துக்குவார்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் வகுப்பில் ஊறிய நாக்கு அவரைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது.

"அம்மா மாதிரின்னும் திட்டவட்டமா சொல்லிட முடியாது. அது நாம வச்சுக்கிட்ட ஒப்பீடுதான்..."

பாதியிலேயே அவருக்கு உறைத்தது. உயிருக்குப் பயந்து கேட்டவளின் விடைத்தாளைத் திருத்திவிட்டார் மனுஷன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபித்திருந்தால் சமாதானம் செய்திருப்பார். அவள் கோபிக்கவில்லை, பயந்திருந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம், "ஆமாம், வாரி எடுத்துக்குவார்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சரிப்படவில்லை. தனக்கே தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னால், அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் அவர் சொல்லும் எதையும் நம்பமாட்டாள்.

அதற்குள் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள். அவர் கூடவே நடந்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவருகே நர்ஸ் நிறுத்தினாள்.

"இதுக்கு மேல நீங்க வர முடியாது சார். ஏதாவது பேசணும்னா பேசிடுங்க."

அவர் குனிந்தார். "நேத்து நீ கேட்டியே..."

"விடுங்க."

"அவர் எப்படி இருப்பார்னு எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே தெரியாது. இத்தனை வருஷம் அதைப் பயமில்லாம பாடம் நடத்தினேன். இப்ப பயமா இருக்கு." அவர் இன்னும் குனிந்தார். "ஆனா அவருக்கு உன்னைத் தெரியும். கூடவே இருக்கிற எனக்குத் தெரிஞ்சதைவிட நல்லாத் தெரியும். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது."

அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என் கோபம், என் வாய், எல்லாம் தெரியுமா?"

"எல்லாம்."

"தெரிஞ்சும் சேர்த்துக்குவாரா?"

"சேர்த்துக்குவார்."

அதோடு எதையும் சேர்க்க அவர் நாக்கு எழவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எங்க சாப்பிடுறது."

"போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. எனக்கு இப்ப பரவாயில்ல."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது. அவர் சாப்பிடப் போகவில்லை. கற்றது ஒன்றும் கைக்கு வராமல் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, "ஆண்டவரே, அவளை எனக்குத் திருப்பிக் கொடும்" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.