களத்தில் மூத்தவர்

அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் போகும்போது என் கணக்கில் இருபத்து நான்கு கோல். நியாயமாக முப்பது இருந்திருக்க வேண்டும். மீதி ஆறையும் தின்றது கர்னல் சின்யாமாவின் உத்தரவு எண் பதினேழு.

கசேங்கா முகாம் பெண்கள் அணியில் நாங்கள் எல்லாருமே ராணுவத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். காலையில் அணிவகுப்பு, பிறகு அலுவல், மதியத்துக்கு மேல் பந்து. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜெனரல் பார்க்க வந்த ஆட்டத்தில், பெனால்டியை யார் அடிப்பது என்று இரண்டு கார்ப்பரல்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். கர்னலுக்கு மானம் போய்விட்டது. மறுநாளே அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஏறியது: களத்தில் இருப்பவர்களில் பதவியில் மூத்தவரே பெனால்டி அடிக்க வேண்டும், அடுத்தவரிடம் ஒப்படைக்கக் கூடாது.

மூத்தவர் சார்ஜென்ட் கசோண்டே. நடுக்களத்தில் அவரைத் தாண்டிப் பந்து போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பெனால்டி என்று நின்றால் பந்து கம்பத்துக்கு மேலே ஏறிப் பறவைகளைத் தேடும். இந்த சீசனில் ஒன்பது அடித்து மூன்றுதான் உள்ளே போனது, மீதி ஆறும் வீண். நானோ சாதாரண சிப்பாய். ராணுவத்தில் சிப்பாய்க்குக் கீழே முகாம் ஆடுகள்தான் உண்டு.

என் பெயர் நமகாவ் சிதாலி. நான் நல்ல ஃபார்வர்ட். தன்னடக்கத்தோடு பேசுகிற ஆள் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். ஸ்பெயினிலிருந்து ஒரு கிளப் கடிதம் போட்டிருந்தது, மாதக் கடைசிக்குள் வரச் சொல்லி. நான் ஒன்பது வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவள், மூன்றுதான் முடிந்திருந்தது. மீதி ஆறையும் முடித்துவிட்டுப் போனால் எனக்கு முப்பது வயதாகிவிடும். அந்த வயதில் புதிதாக வந்து நிற்கும் ஃபார்வர்டை யார் சேர்ப்பார்கள்? விடுவிப்புக் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது கர்னல் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"லீக் கோப்பையைக் கொண்டு வா. உன் பேர்ல இருபத்தஞ்சு கோல் இருக்கட்டும். அன்னைக்கே மைதானத்துல வெச்சுக் கையெழுத்துப் போடறேன்."

அப்போது என் கணக்கில் பதினொன்றுதான் இருந்தது. அந்தத் தைரியத்தில் சொன்ன சொல் அது.

கடைசி ஆட்டம் லுவானோ குவீன்ஸோடு. ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு, டிரா ஆனால் அவர்களுக்கு. எண்பத்து மூன்று நிமிடம் ஆகியும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டு பேரைத் தாண்டி உள்ளே நுழைந்தேன். மூன்றாமவள் பந்தை விட்டுவிட்டு என் காலை எடுத்தாள். நடுவர் விசில் ஊதிப் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார்.

கசோண்டே அக்கா வந்து பந்தைப் புள்ளியில் வைத்தார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். இடுப்பு வலிக்கு ஆட்டத்தை விடுவதாக முன்பே சொல்லியிருந்தார்.

"நமகாவ், என்னை மன்னிச்சுடுடி," என்றார் மெதுவாக. "உத்தரவு."

"குனிஞ்சு அடிங்கக்கா."

"குனிஞ்சுதான்டி அடிக்கிறேன். அது மேல போகுது."

அப்போது கோட்டோரத்தில் எண் பலகை உயர்ந்தது. எட்டாம் எண் வெளியே. கசோண்டே அக்கா. அடுத்து ஐந்தாம் எண், கார்ப்பரல் நாம்பேயா. எங்கள் பயிற்சியாளர் வாரண்ட் ஆபீசர் சிமுகொண்டா சட்டைப்பையில் உத்தரவு பதினேழின் நகலை வைத்துக்கொண்டு திரிகிறவர். "ராணுவத்துல உத்தரவை மீறக் கூடாது, ஆனா வாசிக்கலாம்" என்பார். 'களத்தில் இருப்பவர்களில்' என்றுதானே போட்டிருக்கிறது. மூத்தவர்களைக் களத்தை விட்டே எடுத்துவிட்டால்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கசோண்டே அக்கா என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கூட்டத்துக்குக் கை தட்டிக்கொண்டே வெளியேறினார். உள்ளே வந்த இரண்டு பேரும் போன வருடம் சேர்ந்த சிப்பாய்கள்.

பந்தை நோக்கி ஓரடி வைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. எனக்கு மேலே இன்னும் ஒருத்தி இருந்தாள். கோல்கீப்பர் முட்டிண்டா, லான்ஸ் கார்ப்பரல், தோளில் ஒற்றைப் பட்டை. சிமுகொண்டா சாரைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். மாற்று ஆட்டக்காரர்களை எல்லாம் இறக்கியாகிவிட்டது.

மறுமுனையிலிருந்து முட்டிண்டா நடந்து வந்தாள். நூறு மீட்டரையும் நடந்தே வந்தாள்.

அவள் டோங்கா, நான் லோசி. எங்கள் இரண்டு இனத்துக்கும் பிறவியிலேயே கேலி முறை உண்டு. அவளை மாடு எண்ணுகிறவள் என்று நான் சொல்லலாம், என்னை மீன் தின்னி என்று அவள் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நான்கு மாதத்துக்கு முன் ரேடியோப் பேட்டியில் நான் வாயை விட்டிருந்தேன். கோல் போடுவதுதான் ஆட்டம், கோல்கீப்பர் வேலை பந்து பொறுக்குவது என்று. அன்றோடு முட்டிண்டா என்னோடு பேச்சை நிறுத்தினாள். உணவுக்கூடத்தில் உப்பைக்கூடப் பார்க்காமல் தள்ளுவாள். ஒரு கேலி இல்லை. எங்கள் பக்கத்தில் கேலி நின்றால் அது நிஜமான பகை.

பந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் அடிச்சா உள்ளே போகும்," என்றாள்.

"தெரியும்." உண்மைதான். அவள் உதைக்குக் குறுக்கே கை நீட்ட எந்தக் கீப்பருக்கும் மனசு வராது.

"கோப்பை வந்துடும். ஆனா உன் கணக்கு இருபத்து நாலுலயே நின்னுடும். இன்னும் ஆறு வருஷம் உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நான் சோறு தின்னணும்." கையுறைகளைக் கழற்றி என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "அது என்னால ஆகாது."

"முட்டிண்டா, கோல்ல யாரு நிக்கிறது?"

"நீதான். பந்து பொறுக்குற வேலைதானே." திரும்பினவள் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏய் மீன் தின்னி, பந்து வழுக்கும். வாயால பிடி."

நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் கேலி.

அவள் நடுவரிடம் போய் வெளியே போக அனுமதி கேட்டாள். காயமா என்று அவர் கேட்டதற்கு இல்லை என்றாள். நொண்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நேராக நடந்து கோட்டைத் தாண்டினாள். இப்போது எங்களில் பத்துப் பேர் களத்தில், எல்லாரும் சிப்பாய்கள், எல்லாரும் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள். உத்தரவு எண் பதினேழின்படி மூத்தவர் நான்.

இடது மூலை, தரையோடு. கீப்பர் வலது பக்கம் விழுந்து கிடந்தாள். இருபத்தைந்து.

கட்டிப்பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு மறுமுனைக்கு ஓடினேன். இனி ஒரு கோல் விழுந்தால் கோப்பையும் போகும், கையெழுத்தும் போகும். பதினொரு நிமிடம் அங்கே நின்றேன். நான் எதற்கும் பயப்படுகிறவள் இல்லை, அன்றைக்குப் பயந்தேன். முன்னால் ஆடும்போது ஒரு பந்தை விட்டால் அடுத்தது வரும். இங்கே விட்டால் அவ்வளவுதான். முதல் பந்து என் கையை விட்டு நழுவியது, எங்கள் தடுப்பாட்டக்காரி ஒருத்தி கோல் கோட்டில் வைத்து உதைத்து எறிந்தாள். இரண்டாவது நேராக என் மூக்கில் அடித்து வெளியே போனது. ரத்தம் வந்தது. கோட்டோரத்திலிருந்து முட்டிண்டா கத்திக்கொண்டே இருந்தாள், முன்னால வா, பின்னால போ, கண்ணை மூடாதே, கழுதை.

கடைசி நிமிடத்தில் அவர்களுடைய ஃபார்வர்ட் தனியாக வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை. அவள் இடது தோளைத் தாழ்த்தினாள். நான் இந்த மூன்று வருடமும் அதே தோளைத் தாழ்த்தித்தான் கீப்பர்களை ஏமாற்றியிருக்கிறேன். தோளை நம்பாமல் மறுபக்கம் காலை நீட்டினேன். பந்து என் கணுக்காலில் பட்டு வெளியே உருண்டது. நடுவர் கடைசி விசிலை ஊதினார்.

கர்னல் களத்துக்குள் வந்தார். கையில் என் கடிதம், பேனா. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. முதலில் முட்டிண்டாவைக் கூப்பிட்டார்.

"கோல் யாரோட காவல் இடம்?"

"என்னுது சார்."

"காவல் இடத்தை விட்டுப் போன சிப்பாய்க்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நான் ஆளை நிறுத்தி, காவலை ஒப்படைச்சுட்டுத்தான் போனேன் சார்."

கர்னல் என் பக்கம் திரும்பினார். "காவலை மாத்தும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னாளா?"

"சொன்னாங்க சார்."

"என்ன சொன்னா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பொய் சொல்ல எனக்கு நேரம் போதவில்லை. "'மீன் தின்னி, பந்து வழுக்கும், வாயால பிடி'ன்னு சொன்னாங்க சார்."

சிமுகொண்டா சார் வானத்தைப் பார்த்தார். கசோண்டே அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கர்னல் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடியும் கழற்றினார்.

"திரும்பி நில்லுங்க, வாரண்ட் ஆபீசர்," என்றார் கடைசியில். சிமுகொண்டா சாரின் முதுகில் கடிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். "இவளை இன்னும் ஆறு வருஷம் வெச்சிருந்தா என் உத்தரவு ஒண்ணுகூட மிஞ்சாது. உங்களை அப்புறம் கவனிக்கிறேன். லான்ஸ் கார்ப்பரல் முட்டிண்டாவுக்குப் பதினாலு நாள் வாசல் காவல், கூடுதலா. காவல்னா என்னன்னு பழகட்டும்."

ஒன்பதாம் நாள் காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முகாம் வாசலுக்கு வந்தேன். முட்டிண்டா துப்பாக்கியோடு விறைப்பாக நின்றிருந்தாள். கடிதத்தை அவள் கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அரைப் பக்கக் கடிதத்தை அவ்வளவு நேரம் படிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"முட்டிண்டா, வண்டி போயிடும்."

"இதுல நீ இப்போ சிப்பாய் இல்லைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"சிப்பாய் இல்லாதவங்க முகாமுக்குள்ள நிக்கக் கூடாது." அவள் குரல் கரகரத்தது. பக்கத்தில் இருந்தவளிடம் தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னாள். "வெளியே போடி."

கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். காவலில் இருப்பவரைத் தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்து கையைக் கீழே போட்டேன். தடுப்புக் கட்டையைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் துடைக்கவில்லை, காவலில் நிற்கும்போது துப்பாக்கியிலிருந்து கையை எடுக்கக் கூடாது.